குழி மூடிய பிறகு

கடைசிக் குழியில் மண் தள்ளுமுன்
அடியில் தார்ப்பாய் விரித்து
அதன்மேல் இந்த வருடத்து
ஐந்து ரூபாய் ஒன்றை வைத்தோம்.
பின்னால் தோண்ட வருகிறவருக்குத் தெரியட்டும்,
இதுவரை ஆள் வந்தாயிற்று,
இதற்குக் கீழே கன்னி மண்.

மறுநாள் அளக்க எதுவும் இல்லை.
ஆறு மாதமாய்
ஐந்துக்கு ஐந்து சதுரத்துள் குந்தியிருந்த முழங்கால்
நேராய் நிற்கக் கூச்சப்பட்டது.
"சும்மா பாக்கப் போலாமுங்களா?" என்றார்
படம் வரையும் சித்திக்.
சும்மா.
அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாள்.

அவருடைய எக்ஸெல் வண்டி.
கணவாய் வழியே வந்த ஆடிக் காற்று
எங்களை ஒரு பக்கமாகவே சாய்த்துக்கொண்டு வந்தது.
கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல்,
வெள்வேல மரத்தடியில் அசையாத மயிலைப் பசு.
பாலத்தில் நிறுத்தி எட்டிப் பார்த்தோம்.
நொய்யல் இன்றைக்குக் கத்தரிப்பூ நிறம்.
"நேத்துப் பச்சைங்க" என்றார் சித்திக்
மண்ணடுக்கு எண்ணும் அதே குரலில்.

சமணக் கோயில் பூட்டியிருந்தது.
சாவி வைத்திருப்பவர் கறிக்கோழிப் பண்ணையில்
குஞ்சு இறக்கிக்கொண்டிருந்தார்.
லுங்கியில் கை துடைத்துக்கொண்டே வந்து திறந்தார்.
வௌவால் நெடி.
தலை போன ஒருவர்
போன தலையைத் தேடாமல்
சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.
"போட்டோ வேண்டாங்க."
"எடுக்கலீங்க."
நம்பாமல் என் கைகளையே பார்த்தார்.
கொத்துக்கரண்டி இல்லாத கை
எனக்குமே பாரமாய்த்தான் இருந்தது.

தென்னந்தோப்பு தாண்டி, சோளக் காட்டின் நடுவே
கல்திட்டை.
மூடுகல்மேல் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது.
மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த செல்லாத்தாள்
தூரத்திலேயே கேட்டார்,
"ஆபீஸரம்மாங்களா?"
இல்லீங்க என்றேன்.
"இது வெறும் பாறைங்க.
எங்க மாமனாரு டிராக்டர்ல கொண்டாந்து போட்டது."
இருபது ஆள் நெம்பினாலும் புரளாத கல்.
இத்தனை பயத்தோடு ஒரு பொய்யை
யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இரண்டு வருடம் முன்பு
ஒரு மஞ்சள் காட்டில் நோட்டீஸ் ஒட்டினோம்.
நான்தான் பசை தடவினேன்.
அவர்கள் அந்தப் பட்டத்தில் விதைக்கவில்லை.
எங்கள் அறிக்கையில் அந்த வீட்டாருக்குப் பெயர்
'நில உரிமையாளர்'.

"நல்ல கல்லுங்க" என்றேன்,
"பருப்பு சீக்கிரம் காயும்."
அவர் சிரிக்கவில்லை.
ஒரு சொம்பு மோர் கொடுத்து
நான் குடித்து முடிக்கும்வரை
கல்லுக்கும் எனக்கும் நடுவிலேயே நின்றார்.

மலைக்குப் படி கிடையாது.
ஆட்டுத் தடம் பிடித்து ஏறினோம்.
குகைக்குள் வழுவழுத்த கற்படுக்கை,
தலைமாட்டில் கல்லையே கொஞ்சம் மேடாக விட்ட தலையணை.
கொடுத்தவர் பெயரைப் பழைய எழுத்து சொல்கிறது.
அதற்குக் கீழே வெள்ளைப் பெயின்டில்
ஒரு கபடிக் குழு.
படுத்துப் பார்த்தேன்.
கால்மாட்டில் நாலு விரல் மிச்சம்.
சித்திக் பழக்கத்தில் நோட்டைத் திறந்து
வடக்கு அம்புக்குறி போட்டார். பென்சில் நின்றது.
"என்னனு எழுதட்டுங்க?"
சட்டை வழியே குளிர் முதுகுக்கு ஏறியது.
"கடைசியாப் படுத்தது இன்னைக்குன்னு."
எழுதவில்லை. அவரும் பக்கத்துப் படுக்கையில் சாய்ந்தார்.
கீழே காற்றாலைகள்
ஒன்றுக்கொன்று தாளம் தவறிச் சுற்றின.

இருட்டுமுன் அதே வழியாய்த் திரும்பினோம்.
பருப்பை அள்ளியிருந்தார்கள்.
வெறுங்கல்லின்மேல் நீலத் தார்ப்பாய்,
மூலைக்கு மூலை கல் வைத்து,
சுருக்கம் விழாமல் இழுத்து,
எங்களில் ஒருவர் செய்ததைப் போலவே
நேர்த்தியாய்.

சித்திக் வேகத்தைக் குறைத்தார்.
"போங்க" என்றேன்.